அக்கா பெயரில் என் நோய்

ஹிரோஷிமா
1998 ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்து சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. உங்கள் மலையில் இப்போதுதான் பூத்திருக்கும். நீயும் அத்தானும் உன் மாமியாரும் நலம்தானே? உன் இடுப்புவலி தேவலையா? நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. இந்த நாலு வரிக்குள் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் டாக்டர் போய்விட்டார் அக்கா. போன மாதக் கடைசி சனிக்கிழமை வழக்கம்போல ரயில் மாறுகிற ஊரில் இறங்கி நடந்து போனால், கதவு சாத்தியிருக்கிறது. கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எழுபத்தொன்பது வயசாம். மருந்துச் சீட்டு எழுத ஆளில்லை. மூன்று வாரமாக மாத்திரை இல்லாமல் ஓட்டுகிறேன். காலையில் பல் துலக்கும் பிரஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித்தான் துலக்குகிறேன். பார்த்தால் சிரிப்பாய்.

ஆலையில் தினமும் கை காட்டும் நேரம்தான் எனக்கு யமகண்டம். சாப்பாட்டுப் பெட்டி அடுக்கப் போகும் முன் எல்லோரும் வரிசையில் நின்று மேற்பார்வையாளர் குராஷிகேயிடம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். புண் இருந்தால், கட்டு இருந்தால், வரிசைக்குள் விடமாட்டார்கள். முந்தாநாள் என் கையைப் பிடித்தே பார்த்துவிட்டார்.

"என்ன மிசாவோ-சான், இப்படி வீங்கியிருக்கு?"

"கொசு கடிச்சிடுச்சு."

"ஏப்ரல்ல கொசுவா? அதுவும் பத்து விரல்லயும்?"

எனக்குப் பின்னால் நின்ற ஹிசாயோ-சான் சும்மா இருப்பாளா? "அது குடும்பத்தோட வந்துச்சு சார், நான் பாத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். ஆனால் எத்தனை நாளைக்கு?

போன இலையுதிர் காலத்தில் என்னை முழுநேரத்திலிருந்து அரைநேரத்துக்கு இறக்கியது உனக்குத் தெரியும். அந்த அரைநேரமும் இப்போது முடியவில்லை. குளிர் அறையில் நாலு மணி நேரம் நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு உப்புப் பிளம், இரண்டு முள்ளங்கித் துண்டு. இதற்கே விரல் பூட்டிக்கொள்கிறது. ஹிசாயோ-சானுடைய அண்ணனுக்கு உடம்பு முடியாதவர்களுக்கான பென்ஷன் வருகிறதாம். நானும் கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள். விட்டுவிடட்டுமா அக்கா? நாற்பத்தெட்டு வயசு. புருஷன் என்று ஒருவன் இருந்தான், அவனும் விட்டுப் போய்ப் பத்து வருஷம். கேட்க எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மலைக்காற்று இன்னும் குளிரும். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

மிசாவோ


மே 3

என் தங்கை மிசாவோவுக்கு,

புது இலை துளிர்த்து மலை பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. நாங்கள் மூவரும் சுகம். உன் கடிதம் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் போனது வருத்தம்தான். உன்னிடம் ஒருமுறை கூடக் கடிந்து பேசாத மனுஷன் என்பாயே. ஆனால் வேலையை விடுவதாவது? பைத்தியமாடி உனக்கு? உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு. இஞ்சியைத் துருவி வெந்நீரில் போட்டுக் கையை முக்கி வை. ஒருமுறை அரசாங்கத் தாளில் 'ஊனம்' என்று பெயர் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நம் அப்பா கடைசி வரை ஒரு நாள் படுத்தாரா? உனக்கும் அந்த ரத்தம்தான் ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொள்.

ஒரு சமாச்சாரம். ஏப்ரலிலிருந்து உன் அத்தான் கிராம அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பிரிவுக்கே தலைவர் ஆகிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்ததற்குப் பலன். மாமியார் சிவப்பரிசி பொங்கிச் சாமி மாடத்தில் வைத்தார். பதவிக்கு வந்த முதல் வாரமே இவர் ஒரு வழக்குப் பிடித்துவிட்டார். கரி வியாபாரி மொரிதா தன் காப்பீட்டு அட்டையை நகரத்துத் தம்பிக்குக் கொடுத்து வைத்தியம் பார்க்க வைத்திருக்கிறான். ஊர்க் கூட்டத்தில் பெயரைச் சொல்லிப் படித்தார்கள். மொரிதா பெண்டாட்டி இப்போது கடைக்கு வருவதில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இவர் சொன்னார்: "அடுத்தவன் அட்டையில வைத்தியம் பாக்குறது திருட்டு. அட்டையைக் கொடுத்தவனும் திருடன்தான்." நான் அவருக்கு இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினேன்.

நாற்று நடவு வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். வேலையை விடாதே.

சுசுயே


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நடவு முடிந்ததா? அட்டைப்பூச்சி கடித்த இடத்தைச் சொறியாதே, போன வருஷம் போலப் புண்ணாகும். அத்தானுக்கு என் வாழ்த்தைச் சொல். மனசாரத்தான் சொல்கிறேன்.

இஞ்சித் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். கை இஞ்சி வாசனை அடித்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். எனக்கு என்று சொல்லாமல், சிநேகிதிக்கு என்று கேட்டேன். ஜன்னலில் ஒரு சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி. முழுக்கக் கேட்டுவிட்டு என் கையைப் பார்த்து, "உங்க சிநேகிதிக்கு ரொம்ப வலிக்குதா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் நடிக்கத் தெம்பில்லை.

அவன் சொன்னது இதுதான். அந்த நோய்க்காக முதன்முதலில் டாக்டரிடம் போன நாள் எது? எல்லாம் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் முழுநேர வேலையில் இருந்திருந்தால், இந்த அளவு கை முடங்கினாலே பென்ஷன் உண்டு. அரைநேரத்துக்கு இறங்கிய பிறகு போன நாள் என்றால், ஏறக்குறைய படுத்த படுக்கை ஆனால்தான் தருவார்கள். நான் இறங்கியது போன அக்டோபர். முதன்முதலில் டாக்டரிடம் போனது 1994 நவம்பர் 12, சனிக்கிழமை. மூன்று வருஷம் முந்தி. சட்டப்படி எனக்கு உண்டு அக்கா!

ஆனால் அன்றைக்கு நான் மிசாவோ இல்லையே. சுசுயேவாகத்தானே போனேன்.

ஞாபகம் இருக்கிறதா? கம்பெனிக் காப்பீட்டு அட்டையில் வைத்தியம் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் போனோம் என்று அச்சடித்த தாள் ஆலைக்கே வரும், குராஷிகே கையால் பிரித்துக் கொடுப்பார். அந்த வருஷம் ஆட்குறைப்பில் முதலில் போனவர்கள் எல்லாம் அந்தத் தாள் நீளமாக இருந்தவர்கள். நான் அழுதேன். நீதான் ரயிலடியில் வைத்து உன் அட்டையை என் பையில் திணித்தாய். "ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒண்ணு, வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. எவன் கண்டுபிடிப்பான்?" என்றாய். அன்றைக்கு நீ எனக்குக் கடவுள் மாதிரி தெரிந்தாய். இப்போது பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் எழுதிவைத்த நோட்டுக் கட்டுகள் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கும், ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்றான் பையன். என் நோட்டு உன் பெயரில் இருக்கிறது. நீ போய் வாங்கி, 'வந்தது நான் இல்லை, என் தங்கை' என்று எழுதிக் கொடுத்தால் போதும். நீ கொடுக்காவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லை.

அத்தானுக்கு இது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். பதில் போடு அக்கா.

மிசாவோ


ஜூலை 5

என் தங்கைக்கு,

மழை விட்டபாடில்லை. துணி காயவே இல்லை, வீடெல்லாம் பூஞ்சை நாற்றம். உன் கை இந்த ஈரத்தில் என்ன பாடு படுகிறதோ என்று தினமும் நினைக்கிறேன். பதில் தாமதம், கோபிக்காதே.

நடவு தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட ஊரை விட்டு நகர முடியவில்லை. காட்டுப்பன்றி வந்து கீழ்வயல் வேலியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. மாமியாருக்குக் கண் மறைக்கிறது, உப்பு என்று நினைத்து ஊறுகாயில் சர்க்கரையைக் கொட்டிவிட்டார். மூன்று நாள் எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் அந்த ஊறுகாயைத் தின்றோம். அத்தான் மட்டும், "இந்த வருஷம் ருசி கொஞ்சம் மாறியிருக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியுமே. ஆபீஸ் பென்சில் தவறிச் சட்டைப்பையில் வந்துவிட்டால் மறுநாள் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மனுஷன்.

நீ எழுதிய விஷயம் என் மனசில் இருக்கிறது. ஓபோன் முன்னோர் பூசை முடியட்டும், இறந்தவர்களை வரவேற்று அனுப்பிவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் நானே போய் டாக்டர் வீட்டம்மாவைப் பார்க்கிறேன். நீ போகாதே. அந்த அம்மாவைக் குழப்ப வேண்டாம். புருஷன் போன துக்கத்தில் இருப்பார்.

பத்துக் கிலோ அரிசியும் உப்புப் பிளமும் பார்சல் போட்டிருக்கிறேன். மூட்டையை நீ தூக்காதே, கொண்டுவருகிற ஆளையே உள்ளே வைக்கச் சொல்.

சுசுயே


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. அரிசி வந்தது. ரொம்ப நன்றி. கொண்டுவந்தவரை உள்ளே வைக்கச் சொன்னேன், அவரே வாயைத் திறந்து, "அக்கா, பிரிச்சும் கொடுத்துட்டுப் போகவா?" என்றார். என் கையைப் பார்த்தால் ஊரே இரக்கப்படுகிறது, பென்ஷன்காரர்களைத் தவிர. உப்புப் பிளம்தான் பார்க்கவே பயமாக இருந்தது. நான் தினமும் ஆயிரம் பிளம் வைக்கிறவள் அக்கா! ஆனால் சாப்பிட்டுப் பார்த்தால் நம் அம்மா போட்டது போலவே இருந்தது. அழுதுகொண்டே மூன்று தின்றேன்.

போன வாரம் ஒரு தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. நாற்பது பெட்டி. சோறு, மீன், முட்டை எல்லாம் தரையில். வரிசையையே நிறுத்தினார்கள். மணி அடித்தது, எல்லாத் தலையும் என் பக்கம். ஹிசாயோ-சான் ஓடிவந்து, "நான்தான் இடிச்சிட்டேன்" என்றாள். இடிக்கவே இல்லை. அவள் என்னிடமிருந்து ஆறடி தள்ளி நிற்கிறவள். குராஷிகே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிசாவோ-சான், உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. வருஷக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அதுக்குள்ள நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க, என்ன?"

பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

புது டாக்டரிடம் என் பெயரில் போகலாம்தான். ஆனால் போன அன்றே அந்த நாள்தான் முதல் நாள் என்று பதிவாகிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அதனால் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி என்றாய். காத்திருக்கிறேன்.

மிசாவோ


செப்டம்பர் 23

மிசாவோவுக்கு,

கல்லறையோரம் சிவப்பு லில்லி பூத்துவிட்டது. இன்று அப்பா அம்மா கல்லைக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன், உன் பங்குக்கும் ஊதுவத்தி வைத்தேன். உன் உடம்பு எப்படி?

அறுவடை நடக்கிறது. அதனால் இன்னும் போக முடியவில்லை. யோசித்துப் பார்த்தேன். டாக்டர் போய் அரை வருஷம் ஆகிறது, பழைய தாளெல்லாம் இன்னுமா வைத்திருப்பார்கள்? இருக்காது. நீ நகரத்திலேயே நல்ல டாக்டராகப் பார்த்து உன் பெயரிலேயே தொடங்கு. உடம்பு முக்கியம், காகிதம் முக்கியம் இல்லை. வேலை போனால் போகட்டும், இங்கே வந்துவிடு. பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது. அத்தான் ஒன்றும் சொல்லமாட்டார்.

குளிர் வருகிறது. கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், விரலுக்கு இடம் பெரிதாக விட்டு.

சுசுயே


நவம்பர் 8

சுசுயே அக்காவுக்கு,

மலையில் உறைபனி தொடங்கியிருக்கும். எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மே மாதம் வேலையை விடாதே என்று சொன்னவள், செப்டம்பரில் வேலை போனால் போகட்டும் என்கிறாய். எனக்கு என்னமோ நெருடியது. நேற்று நானே போனேன்.

டாக்டர் வீட்டம்மா தோட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். "அடடே, சுசுயே-சான்! கை எப்படி இருக்கு?" நாலு வருஷமாக அந்த வீட்டில் நான்தானே சுசுயே. துக்கம் விசாரித்தேன். ஊதுவத்தி வைத்தேன். டீ கொடுத்தார், கிண்ணத்தை என் கையில் தராமல் மேஜையில் வைத்தார், அவர் எப்போதும் அப்படித்தான். பிறகு என் நோட்டைக் கேட்டேன்.

அவர் முகம் மாறியது.

"அதத்தான் நீங்க வாங்கிட்டுப் போயிட்டீங்களே?"

"நானா?"

"இல்ல... நீங்க இல்ல. உங்க சாயல்ல ஒருத்தங்க. ஜூன் பன்னெண்டாம் தேதி, நல்ல மழை. நான் உங்க அக்காவோ தங்கச்சியோன்னு நெனச்சேன். 'நான்தான் சுசுயே'ன்னாங்க. அட்டை இருந்துச்சு, பேர் பொறிச்ச முத்திரை இருந்துச்சு. நான் எப்படி இல்லேங்கறது?" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ நீங்க யாரும்மா?"

குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

ஜூன் பன்னிரண்டு! நான் உனக்கு எழுதி மூன்று வாரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஜூலையில், 'ஒரு நாள்கூட ஊரை விட்டு நகரவில்லை' என்று எழுதினாய். பன்றிக் கதை எழுதினாய், ஊறுகாய்க் கதை எழுதினாய். நான் படித்துச் சிரித்தேன். நீ அரிசி மூட்டை அனுப்பினாய், நான் அழுதேன். த்தூ! எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏழு மாதமாக மாத்திரை இல்லை, அதில் பாதிக்கு மேல் உன் பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். என் வலது கையில் மூன்று விரல் இனி நீளாது.

திரும்பும் வழியில், வரும் வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு, மறுபடி பென்ஷன் அலுவலகத்தில் கேட்கலாமா என்று யோசித்தேன். போன மாதம் போயிருந்தபோதே அந்தப் பையன் சொல்லியிருந்தான், நோட்டு கிடைக்காவிட்டால் அட்டைக்குச் சொந்தக்காரர் தன் பெயர், விலாசம், தேதி போட்டு, முத்திரை குத்தி எழுதித் தந்தாலும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று. அட்டை கொடுத்த கிராம அலுவலகத்துக்கு எழுதி, பழைய பில்களோடு ஒத்துப் பார்ப்பார்களாம். யார் எழுதித் தரப் போகிறார்கள்?

என் நோட்டு எங்கே? அதை மட்டும் சொல். வேறு எதுவும் எழுதாதே.

மிசாவோ


நவம்பர் 12

மிசாவோவுக்கு,

இன்று காலை உன் கடிதம் வந்தது. தபால்காரர் போவதற்குள் படித்துவிட்டேன். மாமியார் கொல்லையில் இருக்கிறார், அத்தான் ஆபீஸில். குளிரையும் உடம்பையும் பற்றி என்ன விசாரிப்பது? விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நோட்டு இல்லை. எரித்துவிட்டேன்.

உன் மே மாதக் கடிதம் வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் மேல் கோபம் இல்லை. நீ பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நீயே போய் உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று. மொரிதா பெண்டாட்டி நடையைப் பார்க்கிறேனே தினமும். தலைவர் வீட்டிலேயே இந்தத் திருட்டு என்றால், இவர் ராஜினாமா எழுதிவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிடுவார். யாரும் கேட்க வேண்டாம், அவராகவே எழுதிவிடுவார். இன்னும் ஏழு வருஷம் வேலை இருக்கிறது. அது போனாலும் பரவாயில்லை, அப்புறம் அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? அதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கை படம். வீங்கிய இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் மூன்று புள்ளி. கடைசிப் பக்கத்தில் கையே தெரியவில்லை, எல்லாம் சிவப்பு. மேலே என் பெயர். எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் கையையும் நோட்டையும் பார்த்தாள். நான் கையை மடியில் மறைத்துக்கொண்டேன். நோய் ஒன்றும் இல்லாத என் கையை.

அன்று சாயங்காலம் குளியல் தொட்டிக்குத் தண்ணீர் சுடவைக்கும் அடுப்பில் போட்டேன். அவர் தொட்டியில் உட்கார்ந்து, "இன்னிக்கு தண்ணி பதமா இருக்கு" என்றார். நான் வெளியில் குந்தியிருந்தேன்.

உன்னை வேண்டாம் என்று நினைத்துச் செய்யவில்லை. உன்னையா அவரையா என்று வந்தது, நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். வேறு அலங்காரம் இல்லை.

நடந்தது இது. ஹெய்செய் ஆறாம் ஆண்டு (1994) நவம்பர் 12 முதல், இந்த ஆண்டு மார்ச் வரை, சுசுயே என்ற பெயரில், என் வீட்டுக் காப்பீட்டு அட்டையைக் கொண்டு, முடக்குவாதத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டது நான் இல்லை, என் தங்கை மிசாவோ. அட்டையை நானே விரும்பிக் கொடுத்தேன். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த நோய் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொளுத்திவிடு. மறக்காதே, கொளுத்திவிடு.

ஷிமானே மாவட்டம், மேல்மலைக் கிராமம், வீட்டு எண் 214
ஒகிதா சுசுயே (முத்திரை)


டிசம்பர் 6

அக்காவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்து உடனே கரைந்துவிட்டது. எல்லோரும் சுகமா?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் உன்னைத் திட்டினேன். ஹிசாயோ-சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவளும் என்னோடு சேர்ந்து திட்டினாள். நீ காது பொத்திக்கொள்ளும் அளவுக்கு. இரண்டாவது வாரம் கொளுத்தலாம் என்று கடிதத்தை எடுத்துப் போய் அடுப்படியில் நின்றேன். கொளுத்தும் முன் இன்னொரு தடவை படித்தேன்.

அக்கா, தங்கைக்கு எழுதும் கடிதத்தில் யாராவது முத்திரை குத்துவார்களா? வீட்டு எண்ணோடு விலாசம் எழுதுவார்களா? எனக்குத் தெரியாதா உன் வீட்டு எண்? இருபத்தெட்டு வருஷம் காப்பீட்டு குமாஸ்தாவோடு குடித்தனம் நடத்தியவள் நீ. எந்தத் தாள் செல்லும், எந்தத் தாள் செல்லாது என்று உனக்குத் தெரியும்.

நீ எதை நினைத்துக் குத்தினாயோ, கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே. கொளுத்து என்று எழுதிய வரியும் அதில் இருக்கிறது, அதையும் பென்ஷன் அலுவலகத்துப் பையன் படித்தான். இரண்டு தடவை படித்தான். "இதை உள்ள அனுப்பவா? ஒருதடவை அனுப்பிட்டா திருப்பி வாங்க முடியாது" என்றான். அனுப்புங்க என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு.

பென்ஷன் கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு மாதம் ஆகும். திருட்டுக்கு என் பங்கு என்னவோ அதையும் நான் கட்ட வேண்டும், அதற்கும் கையெழுத்துப் போட்டேன். பேனாவை முஷ்டியில் பிடித்துத்தான் போட முடிந்தது. இந்த மாதத்தோடு ஆலையிலிருந்து நின்றுவிடுகிறேன். நேற்று என் பெயரில் ஒரு டாக்டரிடம் போனேன். "இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?" என்று கத்தினார். கையை நீட்டிக் காட்டினேன்.

உன்மேல் ஆறவில்லை அக்கா. ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனால் கைக்கு வலி வரும்போது இன்னும் உன்னைத்தான் கூப்பிடுகிறேன், அது பழக்கம். இந்த வருஷம் எனக்குப் புத்தாண்டு அட்டை போட வேண்டாம், நானும் போடமாட்டேன்.

உங்கள் கிராம அலுவலகத்துக்குக் கேள்விக் கடிதம் வரும் வியாழக்கிழமை கிளம்புகிறது. சனிக்கிழமை அலுவலகம் இல்லை. திங்கட்கிழமை காலை அத்தான் கையால் பிரிப்பார். உனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இருக்கிறது. அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு.

உன் தங்கை
மிசாவோ